ஐம்பதடி நாடா

கோயமுத்தூரிலிருந்து பார்சலில் வந்தது.
இரண்டு அங்குல அகலம், ஐம்பதடி நீளம்.
"கருப்பா இருக்குது? நான் வெள்ளைன்னு நெனச்சேன்"
என்றார் அர்த்தநாரி.
பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
விலை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போர் லாரி திருச்செங்கோட்டுக்கு வந்து
சங்ககிரி ரோட்டுச் செட்டில் நிற்பது பதினோரு நாளாக.
கம்ப்ரஸர் இன்ஜின் புகைக்குழாய்க்கும்
ஹைட்ராலிக் ஓஸுக்கும் நடுவே நாலு விரல் இடம்.
ராத்திரியில் எழுநூறு அடி தாண்டும்போது
வெற்றிலை போட்ட வாய்போல் குழாய் சிவக்கும்.
அந்தச் சிவப்பில் பீடி பற்றவைத்த ஆட்கள் உண்டு.
நானும் ஒருத்தன்.

போன ட்ரிப்பு, லாத்தூர்ப் பக்கம்.
எண்ணூற்று அறுபதடி, வெறும் புழுதி.
ராடு மாற்றுகையில் கால் வழுக்கிய புத்ராம்
பிடிமானத்துக்கு எட்டியது அந்தக் குழாயைத்தான்.
பிடிக்கக்கூட இல்லை. முன்கை படிந்தது.
பஜ்ஜி எண்ணெயில் விழுந்த சத்தம் என்று
மறுநாள் சமையல்காரன் சொல்லப்போக
அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

நாடாவை முதலில் வாளியில் ஊறப்போட வேணும்.
ஈரமிருந்தால்தான் இறுகும், நார் பறக்காது.
நாலு மாசம் தண்ணீர் தேடித் திரிந்த வண்டிக்கு
அரை வாளித் தண்ணீர்.
கால் அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற
இழுத்துப் பிடித்துச் சுற்றி,
வளைவின் உள்பக்கம் மடிப்பு விழாமல் நீவி,
நுனியில் ஸ்டீல் பட்டி போட்டுக் குறட்டால் முறுக்கி.
கைக்கு உறை, வாய்க்குத் துண்டு.
இருந்தும் கண்ணாடி நார் கழுத்துக்குள் இறங்கிவிடும்.
வீட்டில் என் சட்டையை மட்டும்
குச்சியில் தூக்கிப்போய்த் தனியாக அலசுவாள்.

"ஏப்பா சென்னி, இப்படிக் கட்டுனா சூடு எங்க போகும்?"
"உள்ளுக்குள்ளயே ஓடிருமுங்க. வெளிய காட்டாதுங்."
"அது போதும்."

பதினாலாவது சுற்றிலா பதினைந்திலா, தெரியவில்லை,
கை நின்றது.
சுட்டதற்கல்லவா கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
சுடுபட்டதற்கு
அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் மருந்து, ஒரு சுற்றுத் துணி,
அப்புறம் ஜெகதல்பூருக்கு ரயில் டிக்கெட்டு,
உட்கார்ந்து போக.

அர்த்தநாரியைக் குற்றம் சொல்ல முடியாது.
ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பியவர் அவர்தான்.
சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை.
இனி ஒருத்தன் கை படக்கூடாதென்றுதான்
இதை வாங்கினார்.
ஓஸும் உருகக்கூடாதென்று.
எது முதலில் தோன்றியது என்று
நான் எதற்குக் கேட்கவேணும்.

ஸ்டார்ட் செய்ததும் அரைமணி நேரம் புகை.
பற்றிக்கொண்டதென்று எதிர் டீக்கடைக்காரர்
மண் சட்டியோடு ஓடிவந்தார்.
ஒன்றுமில்லைங்க, புதுசு, காயுது.
அர்த்தநாரி ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டிப் பார்த்தார்.
தலையாட்டினார்.
தொட்டால் இப்பவும் சுடும் என்றேன்.
மழையில் நனைந்தால் நாடா ஈரத்தை விடாது,
உள்ளே குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது,
ஒருநாள் அவிழ்த்தால் வருக்கிபோல் உதிரும் என்றும் சொன்னேன்.
"அதுக்கு ரெண்டு வருசம் ஆகுமில்ல."
ஆகும்.

சாயங்காலம் புத்ராம் போன் செய்தான்.
கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ட்ரிப்பு எப்போ என்று மட்டும்
தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

நாடா மூன்றடி மிச்சம்.
எல்லாரும் போனபிறகு
மணிக்கட்டிலிருந்து என் முன்கையில் சுற்றிப் பார்த்தேன்,
கால் அங்குலம் ஏற்றி, இழுத்துப் பிடித்து.
முழங்கைக்கு நாலு விரல் எட்டவில்லை.

தேங்காய் எண்ணெய் தடவியும்
விடியும்வரை அரித்தது.